பேரை எழுதுறது ஈஸி... அழிக்கிறதுதான் கஷ்டம்!

இந்த வாரம் போடியிலிருந்து கிளம்பலாம்.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாயிலிருந்து ஒருத்தர், "எட்டு எம்.எம். காய், கிலோ என்ன விலைக்குத் தருவீங்க?" என்று மெயிலில் கேட்கிறார். நம்ம ஆளும் அன்னைக்கே விலை போட்டுப் பதில் அனுப்புகிறார். அடுத்த நிமிஷமே புரியாத இங்கிலீஷில் ஒரு மெயில் திரும்பி வருகிறது. அதில் 550 என்று ஒரு நம்பர், பக்கத்தில் 'பிளாக்டு' என்று ஒரு வார்த்தை. துபாய்க்காரர் ரெண்டு நாள் பார்க்கிறார். பதிலைக் காணோம். குவாட்டமாலா காய் வாங்கப் போய்விடுகிறார்.

நம்ம வியாபாரி என்ன தப்பு பண்ணினார்? ஒண்ணுமே இல்லை. கம்பெனிக்கு ஒரு வெப்சைட் போட்டார். செலவைக் குறைக்க, நூத்துக்கணக்கான வெப்சைட்கள் ஒரே கம்ப்யூட்டரில் குடியிருக்கும் மலிவு ஹோஸ்டிங்கில் இடம் பிடித்தார. முன்பின் தெரியாத இன்னொரு குடித்தனக்காரர் அதே இடத்திலிருந்து 'உங்களுக்கு லாட்டரியில் பரிசு' என்று லட்சக்கணக்கில் மெயில் தட்டிவிட்டார். அந்தக் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி ஒரு கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்த வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் கதவு சாத்தியாச்சு.

கதை கற்பனை. ஆனால் இப்படித் திரும்பி வரும் மெயில்கள் தினம் தினம் நிஜம். "எவன்டா அந்தப் பட்டியலை எழுதினவன்?" என்று கோபம் வருதில்ல? அவனைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அவன் நிலைமை நம்ம வியாபாரி நிலைமையை விடப் பரிதாபம்!

செக்போஸ்ட் நோட்டு

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து கேரளாவுக்கு மலை ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூணு முக்கிய வழி. மூணிலும் செக்போஸ்ட் உண்டு. ஒரு செக்போஸ்ட் மேஜை மேல் ஒரு நோட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'இந்த நம்பர் வண்டியில் திருட்டுச் சரக்கு வந்தது, உஷார்' என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. எழுதியவர் செக்போஸ்ட்காரர் இல்லை, வேறு எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருத்தர். செக்போஸ்ட்காரர் நோட்டைப் பார்க்கிறார். நம்பர் இருந்தால் வண்டியை நிறுத்துகிறார்.

மெயில் கறுப்புப் பட்டியல் இதேதான். உங்கள் மெயில் வாசலுக்கு வந்ததும், வாங்கும் சர்வர் பட்டியலைக் கேட்கிறது: "இந்த ஐ.பி. உன் நோட்டில் இருக்கா?" வெப்சைட் பெயரை நம்பராக மாற்றித் தருகிறதே டி.என்.எஸ்., அதே வழியில்தான் இந்தக் கேள்வியும் போகிறது. ஐ.பி. எண்ணின் நான்கு பகுதிகளையும் கடைசியிலிருந்து திருப்பி எழுதிக் கேட்கும். நோட்டில் இருந்தால் 127.0.0.2 என்பது மாதிரி ஒரு பதில் வரும். இல்லாவிட்டால் 'அப்படி ஒண்ணும் இல்லை' என்று வரும். எல்லாம் கண் சிமிட்டுவதற்குள்.

இதை ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பால் விக்ஸி. 1997-ல் அவர் தொடங்கிய பட்டியலை நடத்திய அமைப்புக்கு மேப்ஸ் என்று பெயர். ஸ்பாம் என்பதன் இங்கிலீஷ் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள், மேப்ஸ் வரும். குசும்பு! 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கியது ஸ்பாம்ஹாஸ். இன்றைக்கும் உலகம் முழுக்க மெயில் சர்வர்கள் அதிகம் புரட்டிப் பார்க்கும் நோட்டுகளில் ஒன்று அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. பட்டியல்காரர் யாருடைய மெயிலையும் தடுப்பதில்லை. "இவர் மேல் எனக்குச் சந்தேகம்" என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. தடுப்பதா வேண்டாமா என்பது சர்வர் வைத்திருப்பவர் முடிவு. நாலு நல்லவர் பெயரைத் தப்பாக எழுதினால் சர்வர்காரர்கள் அடுத்த நோட்டுக்கு மாறிவிடுவார்கள். அதனால் அவர் கையிலிருக்கும் ஒரே முதலீடு நம்பிக்கை. அதைக் காப்பாற்றுவதில்தான் அத்தனை தலைவலியும்.

கருவாடு எங்கே இருக்கு?

முதல் தலைவலி, ஆதாரம். ஒருத்தர் ஸ்பாம் அனுப்புகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாருக்கும் கொடுக்காத மெயில் முகவரிகளை உருவாக்கி இணையத்தில் ஒரு மூலையில் போட்டு வைப்பார்கள். மனுஷர்கள் கண்ணில் படாது. முகவரி திருடும் புரோகிராம் மட்டும் பொறுக்கிக்கொண்டு போகும். அந்த முகவரிக்கு ஒரு மெயில் வந்தால், அனுப்பியவர் அனுமதி கேட்காமல் அனுப்புகிறார் என்று அர்த்தம். ஸ்பாம் டிராப் என்று பெயர். நம்ம பாஷையில் எலிப்பொறி.

சிக்கல் இங்கேதான். பிடிபட்டவர் வந்து, "நான் ஸ்பாம் அனுப்பினேன்னு எப்படிச் சொல்றீங்க? அந்த மெயிலைக் காட்டுங்க" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் காட்டினால் பொறி எந்த முகவரி என்று தெரிந்துபோகும். அந்த ஒரு முகவரியை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லோருக்கும் ஜாலியாக அனுப்புவார். பொறியில கருவாட்டை எங்கே வெச்சோம்னு எலிகிட்டயே சொல்ல முடியுமா? சொல்லாவிட்டால், "விசாரணை இல்லாமத் தண்டனையா?" என்று நிரபராதி கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை. இந்த இழுபறி ஒவ்வொரு பட்டியலிலும் இன்றுவரை இருக்கிறது.

தெருவுக்கே தண்டனை

ரெண்டாவது, எவ்வளவு பெரிய வட்டம் போடுவது?

ஒரே ஒரு ஐ.பி.யைப் பட்டியலில் போட்டால் ஸ்பாமர் பக்கத்து ஐ.பி.க்குத் தாவிவிடுவார். சரி, பக்கத்திலிருக்கும் 256 முகவரிகளையும் சேர்த்துப் போடு என்றால் அவர் அடங்குவார். கூடவே 255 அப்பாவிகளும் மாட்டுவார்கள். 2000-களின் முதல் பாதியில் ஸ்பியூஸ் என்ற பட்டியல் இதை வேண்டுமென்றே செய்தது. ஸ்பாமரை விரட்டாத இணைய நிறுவனத்தின் முகவரிகளை வட்டம் வட்டமாக விரித்துப் பட்டியலில் ஏற்றும். மாட்டிக்கொண்ட அப்பாவிகள் போய் அந்த நிறுவனத்தின் சட்டையைப் பிடிக்கட்டும் என்பது கணக்கு. அதை நடத்தியவர்கள் யார் என்று வெளியில் தெரியாது. முறையிட ஒரு முகவரிகூடக் கிடையாது!

இந்த வலி நம் பக்கத்து விவசாயிக்குப் புதுசில்லை. 2015-ல் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது என்று கேரளாவில் பெரிய பேச்சு கிளம்பியது. அப்படி ஒரு பேச்சு வந்தால் அளவாக மருந்து அடித்தவர், அள்ளி அடித்தவர், அடிக்கவே செய்யாதவர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. 'தமிழ்நாட்டுக் காய்' என்ற ஒரே பெயர்தான் எல்லோருக்கும். சாப்பிடுகிறவருக்கும் பயம் நியாயம், விளைவிக்கிறவருக்கும் கோபம் நியாயம்.

மெயில் உலகத்தில் அப்படி ஒட்டுமொத்தமாகப் பெயர் கெட்ட நாடு நம் நாடு. 2012-ன் முதல் மூன்று மாதங்களில் உலகிலேயே அதிகமாக ஸ்பாம் கிளம்பிய நாடு இந்தியா என்று சோஃபோஸ் நிறுவனம் சொன்னது. மொத்தத்தில் 9.3 சதவீதம். அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளிவிட்டோம்! நம்ம ஜனங்கள் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்பவில்லை. அப்டேட் பண்ணாத விண்டோஸ், ஓசியில் இறக்கிய சாஃப்ட்வேர், ஆன்ட்டி வைரஸ் இல்லாத பிரௌசிங் சென்டர். எங்கேயோ இருக்கும் ஒருத்தன் வைரஸ் வழியாக அந்தக் கம்ப்யூட்டர்களை வளைத்து, நமக்குத் தெரியாமலே அவற்றிலிருந்து அனுப்பினான். வீட்டுக்காரருக்கு, 'நெட் ஸ்லோவா இருக்கே' என்பது மட்டும்தான் தெரியும்.

பல வருஷம் முன்னாலேயே இதைப் பற்றி எழுதிய ஒருவர் நம்மவர், சுரேஷ் ராமசுப்ரமணியன். ஹாங்காங்கின் அவுட்பிளேஸ் நிறுவனத்தில் ஸ்பாம் தடுப்பு வேலைக்குத் தலைமை வகித்தவர். ஓ.இ.சி.டி. அமைப்புக்காக, வளரும் நாடுகளில் ஸ்பாம் என்ன பாடு படுத்துகிறது என்று 2005-ல் ஓர் அறிக்கை தயாரித்தார். பணக்கார நாட்டில் ஸ்பாம் ஒரு எரிச்சல். நெட்டுக்கு மணிக்கணக்கில் காசு எண்ணிக் கொடுத்த ஊர்களில் அது பர்ஸில் விழுந்த ஓட்டை.

எப்போ அழிக்கிறது?

மூணாவதுதான் பெரிய தலைவலி. ஏறிய பெயரை எப்போது இறக்குவது?

வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் ஐ.பி. நிலையாக இருக்காது. மோடத்தை அணைத்துப் போட்டால் வேறு நம்பர் வரலாம். நேற்று சின்னமனூரில் வைரஸ் பிடித்த ஒரு கம்ப்யூட்டருக்கு இருந்த நம்பர், இன்று உத்தமபாளையத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கலாம். பெயரைச் சீக்கிரம் அழித்தால் ஸ்பாமர் திரும்பி வருகிறான். லேட்டாக அழித்தால் டீச்சர் அடி வாங்குகிறார்.

இதற்கு ஸ்பாம்ஹாஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. வீட்டு இணைப்பு ஐ.பி.களுக்கு ஒரு தனிப் பட்டியல். 'இவர் குற்றவாளி இல்லை. ஆனால் வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மெயில் சர்வர் நடத்த வேண்டிய அவசியம் இல்லை' என்பதுதான் அதன் அர்த்தம். நீங்கள் ஜிமெயிலிலோ யாஹூவிலோ அனுப்பினால் மெயில் கிளம்புவது அவர்களுடைய சர்வரிலிருந்து. அதனால் உங்கள் வீட்டு ஐ.பி. அதில் இருந்தாலும் கவலை வேண்டாம்.

சார்ப்ஸ் என்ற பட்டியல் வேறு வழியில் போனது. சிலவகைப் பெயர்களை நீக்க, ஒரு தர்ம காரியத்துக்கு 50 டாலர் கொடுத்துவிட்டு வரச் சொன்னது. பணம் பட்டியல்காரர் பாக்கெட்டுக்குப் போகவில்லைதான். ஆனாலும், "பேரை எழுதிட்டு, அழிக்கக் காசு கேட்கறாங்க" என்ற கெட்ட பெயர் அதன் மேல் ஒட்டிக்கொண்டது.

கதவைத் தட்டாமலே பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. இது பட்டியல் விவகாரம் இல்லை, ஆனால் அதே குணம். 2018 செப்டம்பர் 24. சென்னையிலும் தென்காசிப் பக்கம் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறதே ஸோஹோ, அதன் இணைய முகவரி திடீரென்று உலகம் முழுக்கக் காணாமல் போனது. ஸோஹோ மெயிலில் கணக்கு வைத்திருந்த சிலர் மோசடி மெயில் அனுப்பியதாகப் புகார். டொமைன் பதிவு செய்து தந்த அமெரிக்க நிறுவனம் முகவரியையே முடக்கிவிட்டது. ரெண்டு மாதத்தில் வந்த புகார் மூன்றே மூன்று, அதில் ரெண்டைத் தீர்த்துவிட்டோம் என்றது ஸோஹோ. 3 கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் சேவை! அப்போது அதன் தலைவராக இருந்த ஸ்ரீதர் வேம்பு, ட்விட்டரில் போய் உதவி கேட்க வேண்டியிருந்தது. சில மணி நேரத்தில் சரியானது. அவர் குரல் கேட்டது, கதவு திறந்தது. போடி வியாபாரி ட்விட்டரில் கத்தினால் யார் கேட்பார்கள்?

கேஸும் அடியும்

"சரி பாஸ், அப்போ பட்டியல்காரன்தான் வில்லனா?" அவசரப்படாதீங்க. அவர் வாங்கும் அடியையும் பாருங்கள்.

2006-ல் இ360 என்ற அமெரிக்க மார்க்கெட்டிங் நிறுவனம், தன் பெயரைப் பட்டியலில் போட்டதற்காக ஸ்பாம்ஹாஸ் மேல் சிகாகோவில் வழக்குப் போட்டது. லண்டன் ஆட்களான எங்களை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று ஸ்பாம்ஹாஸ் ஒதுங்கிக்கொண்டது. எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பு வந்தது: 1 கோடியே 17 லட்சத்து 15 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு! ஸ்பாம்ஹாஸின் இணைய முகவரியையே முடக்கக் கோரியதை மட்டும் நீதிபதி ஏற்கவில்லை. அப்பீல், மறு விசாரணை என்று இழுத்து 2010-ல் அந்தத் தொகை 27,002 டாலராக இறங்கியது. 2011-ல் மேல் கோர்ட் அதையும் குறைத்தது. எவ்வளவுக்குத் தெரியுமா? 3 டாலர். அஞ்சு வருஷ அலைச்சலுக்கு மூணு டாலர்!

கோர்ட்டுக்குப் போகாதவர்கள் வேறு வழியில் வந்தார்கள். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹாஸ் மேல் நொடிக்கு 300 ஜிகாபிட் வேகத்தில் போலி டிராஃபிக்கைக் கொட்டினார்கள். அதுவரை வெளியில் தெரிந்த இந்த வகைத் தாக்குதல்களில் அதுதான் பெரிசு. நெதர்லாந்துக்காரர் ஒருவர் ஸ்பெயினில் கைதானார். லண்டனில் பிடிபட்ட இன்னொருவர் பள்ளி மாணவன். அப்போது வயது 16. ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தான், ஆனால் போலீஸ் ரெக்கார்டில் பெயர் ஏறிவிட்டது. 'சும்மா ட்ரை பண்ணிப் பார்த்தேன்' என்று கீபோர்டில் கை வைக்கும் கேம்பஸ் கில்லாடிகள் கவனிக்க!

ஸ்பாம்ஹாஸ் தாங்கியது. எல்லோராலும் முடியுமா? ஒஸிருசாஃப்ட் என்ற பட்டியலை நடத்தியவர் ஜோ ஜாரெட். 2003-ல் இதே மாதிரித் தாக்குதல் தாங்காமல் கடையை மூடினார். மூடிய விதம்தான் விசேஷம். எந்த ஐ.பி.யைக் கேட்டாலும் 'பட்டியலில் இருக்கு' என்று பதில் வரும்படி செய்துவிட்டார். அந்த நோட்டை நம்பியிருந்த சர்வர்கள், வந்த மெயிலையெல்லாம் விரட்ட ஆரம்பித்தன. செக்போஸ்ட்டில் ஒரு வண்டி விடாமல் நிறுத்திய கதை!

நோட்டை மூடுவதும் ஒரு பொறுப்புதான். சார்ப்ஸும் 2024 ஜூனில் மூடப்பட்டது. எங்கேயோ ஒரு ஆபீஸ் மூலையில் பல வருஷம் முன்னால் யாரோ செட் பண்ணி வைத்த சர்வர், இல்லாத பட்டியலை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போ உங்க முறை

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று நினைக்காதீர்கள். பட்டியலில் ஏற நீங்களே போதும்.

உங்கள் டிபார்ட்மென்ட்டில் சிம்போசியம் நடத்துகிறீர்கள். சீனியர் ஒரு பென் டிரைவில் மூவாயிரம் மெயில் ஐ.டி. தருகிறார். போன வருஷம் வேறு காலேஜிலிருந்து சுட்டது. காலேஜ் மெயில் ஐ.டி.யிலிருந்து எல்லோருக்கும் ஒரே தட்டில் இன்விடேஷன். அதில் பாதி செத்துப்போன முகவரி. சிலது யாரோ வைத்த எலிப்பொறி. மீதிப் பேரில் சிலர் எரிச்சலில் 'ஸ்பாம்' பட்டனை அமுக்குகிறார்கள். அவ்வளவுதான். காலேஜ் டொமைன் பெயர் கெட்டுவிட்டது. ரெண்டு மாதம் கழித்து பிளேஸ்மென்ட் ஆபீஸர் கம்பெனிகளுக்கு அனுப்பும் மெயில் ஸ்பாம் ஃபோல்டரில் தூங்கும். உங்க பயோடேட்டாவும் அதில்தான்!

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் ரூல்ஸை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு ஐயாயிரம் மெயில் அனுப்புகிறவர் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சீட்டுகளையும் காட்ட வேண்டும். மார்க்கெட்டிங் மெயில் என்றால் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூணு பேர் கோபப்பட்டாலே ஆபத்து.

போனிலும் அதே கதைதான். 2024 ஆகஸ்ட்டில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. பதிவு செய்யாமல் விளம்பரக் கால் அடிப்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து, ரெண்டு வருஷம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்க வேண்டும். கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த வாரம் நாம் பார்த்த கேள்வியை அங்கேயும் கேளுங்கள்: தப்பாக ஏறியவர் எந்தக் கதவைத் தட்டுவார்? எவ்வளவு நாளில் திறக்கும்?

இந்த வார ஹோம்வொர்க்

* மெயில் திரும்பி வந்தால் பத்துத் தடவை திருப்பி அனுப்பாதீர்கள். கடைசி வரிகளைப் படியுங்கள். எந்தப் பட்டியல், என்ன காரணம் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

* முதலில் வைரஸையோ திருட்டுப்போன பாஸ்வேர்டையோ சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு பெயரை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். சரிசெய்யாமல் கேட்டால் மறுபடி ஏறும், அடுத்த முறை இறங்க நாளாகும்.

* 'காசு கொடுங்க, பட்டியல்ல இருந்து எடுத்துத் தர்றோம்' என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். ஸ்பாம்ஹாஸ் பெயரை நீக்கக் காசு வாங்குவதில்லை.

* நீங்களே ஆசைப்பட்டுச் சேர்ந்த நியூஸ்லெட்டர் போரடித்தால் 'அன்சப்ஸ்கிரைப்' பண்ணுங்கள். 'ஸ்பாம்' பட்டன் வேண்டாம். நீங்கள் அமுக்குவதும் ஒரு சாட்சிதான்.

* வாரம் ஒரு தடவை ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இன்டர்வியூ கடிதம் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம். இருந்தால் 'ஸ்பாம் இல்லை' என்று அமுக்குங்கள். ஒரு நல்லவர் பெயரை அழிக்க உங்களால் முடிந்த உதவி.

அடுத்த வாரம் வேறு ஒரு மேட்டரோடு சந்திப்போம். அதுவரைக்கும் அந்த மூவாயிரம் ஐ.டி. பென் டிரைவைத் தொடாதீங்க!